“பாதி டீமைக் கொடுத்து ஒரு ஆளா?” நியூயார்க்கை 2 கோஷ்டியாக்கிய கூடைப்பந்து பேரம்!

மாலை 3 மணி. அதுதான் கெடு!

2011-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந் தேதி. நியூயார்க் நேரப்படி 3 மணிக்குள் அமெரிக்கக் கூடைப்பந்து அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்வது என்றால் மாற்றிக்கொள்ள வேண்டும். 3 மணி 1 நிமிடம் ஆகிவிட்டால் கதவு சாத்தியாகிவிடும். அப்புறம் சீசன் முடிகிற வரை அடுத்த அணியின் ஆளைக் கொடுத்து வாங்கும் பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் கெடு வருவதற்கு 5 மாதம் முன்பே நியூயார்க்கில் சண்டை தொடங்கிவிட்டது. சண்டை மைதானத்தில் அல்ல. ரெயிலில், காபிக் கடையில், ஆபீசில், ரேடியோவில்!

சண்டைக்குக் காரணம் ஒரே ஆள். பெயர் கார்மெலோ அந்தோணி. வயது 26. உயரம் 6 அடி 8 அங்குலம். கொலராடோ மாநிலத்தில் உள்ள டென்வர் நகரத்து ‘நக்கெட்ஸ்’ அணியின் நட்சத்திரம். ரசிகர்கள் செல்லமாக ‘மெலோ’ என்பார்கள்.

நியூயார்க்கின் அணி ‘நிக்ஸ்’. மெலோவை நிக்ஸ் வாங்கலாமா, கூடாதா? வாங்கினால் யார் யாரைக் கொடுப்பது? இதுதான் வழக்கு.

10 வருஷப் பட்டினி

நிக்ஸ் ரசிகர்களின் நிலையைத் தெரிந்துகொண்டால்தான் அவர்கள் ஏன் அப்படி அடித்துக்கொண்டார்கள் என்பது புரியும்.

நிக்ஸ் அணி ஆடும் அரங்கத்தின் பெயர் ‘மாடிசன் ஸ்கொயர் கார்டன்’. கீழே பென்சில்வேனியா ரெயில் நிலையம். மேலே அரங்கம். சாயங்காலம் வேலை முடிந்து ரெயிலுக்கு வருகிற குமாஸ்தா, படி ஏறினால் ஆட்டம், படி இறங்கினால் வீடு. அதனால் அந்த அணி தோற்றால் ஊருக்கே தெரிந்துவிடும். ஒளிக்க முடியாது.

தோல்வியோ கொஞ்சநஞ்சம் அல்ல. 2001-க்குப் பிறகு தொடர்ந்து 9 சீசன்களில் வெற்றியை விடத் தோல்வியே அதிகம். கடைசியாகக் கோப்பையைத் தூக்கியது 1973-ல். அப்போது பிறந்த குழந்தைக்கு 2011-ல் வயது 37 ஆகிவிட்டது!

2010 ஜூலையில் லெப்ரான் ஜேம்ஸ் வருவார் என்று ஊரே காத்திருந்தது. அவரை வாங்குவதற்காகவே 2 வருஷம் சம்பளப் பட்டியலைச் சுருக்கி, இடத்தைக் காலி செய்து வைத்திருந்தார்கள். அவரோ டெலிவிஷனில் தோன்றி, மியாமிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். கல்யாண மண்டபத்தை அலங்கரித்துவிட்டு, மாப்பிள்ளை வராத கதை.

நிக்ஸுக்குக் கிடைத்தவர் அமாரே ஸ்டோடமயர். 5 வருஷத்துக்குச் சுமார் 10 கோடி டாலர் ஒப்பந்தம். “முழங்கால் தேறாத ஆளுக்கு இவ்வளவு பணமா?” என்று முணுமுணுத்தவர்கள் உண்டு.

ஆனால் அதிசயம் நடந்தது!

முதல் 11 ஆட்டங்களில் 8 தோல்வி. அப்புறம் அடுத்த 14 ஆட்டங்களில் 13 வெற்றி! ஸ்டோடமயர் தொடர்ந்து 9 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு 30 புள்ளிக்குக் குறையாமல் எடுத்தார். டிசம்பர் 12-ந் தேதி கார்டன் அரங்கத்தில் வந்து ஆடிய டென்வர் அணியையே 129-125 என்று நிக்ஸ் சாய்த்தது. எதிர்த்து ஆடியவர்களில் மெலோவும் ஒருவர்.

10 வருஷமாகக் காய்ந்து கிடந்த ஊருக்கு மழை பெய்த மாதிரி ஆயிற்று.

பேரப்பட்டியலில் வந்த பிள்ளைகள்

இந்த வெற்றிக்கு உழைத்தவர்கள் யார்?

ஒருவர் டனிலோ கலினாரி. இத்தாலிக்காரர். 2008-ல் புதுமுகத் தேர்வில் இவர் பெயரை வாசித்தபோது நியூயார்க் ரசிகர்கள் “பூ... பூ...” என்று கத்தினார்கள். அதே ரசிகர்கள் 2 வருஷம் கழித்து அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

இன்னொருவர் வில்சன் சாண்ட்லர். ஆட்டத்துக்குச் சராசரி 16 புள்ளி. மூன்றாமவர் ரேமண்ட் பெல்டன். பந்தைக் கொண்டு வந்து பிறருக்குக் கொடுப்பவர். ஆட்டத்துக்கு 17 புள்ளி, 9 ‘அசிஸ்ட்’.

நான்காவது ஆள் கதைதான் சுவாரசியம். திமோபே மோஸ்கோவ். ரஷியாக்காரர். 7 அடி 1 அங்குலம். 2010 நவம்பரில் பிளேக் கிரிபின் என்ற இளைஞர் இவர் தலைக்கு மேல் எகிறிப் பந்தைக் கூடையில் திணித்தார். அந்தப் படம் நாடு முழுக்க ஓடி, மோஸ்கோவ் கேலிப்பொருள் ஆனார். ‘மோஸ்கோவ் ஆகிவிட்டான்’ என்றால் அவமானப்பட்டான் என்று அர்த்தம். பாவம்!

ஆனால் 2011 ஜனவரி கடைசியில் டெட்ராய்ட் அணிக்கு எதிராக அதே மோஸ்கோவ் 23 புள்ளி, 14 ரீபவுண்டு எடுத்தார். அரங்கமே அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போட்டது. ‘நம்ம பையன்’ என்ற பாசம் அப்போதுதான் பிறந்தது.

டென்வர் அணி கேட்டது இவர்களைத்தான். 4 பேரையும்!

“சும்மா வரப் போறவருக்கு எதுக்குய்யா விலை?”

இங்கேதான் ஊர் 2 கோஷ்டி ஆயிற்று.

மெலோவின் ஒப்பந்தம் 2011 கோடையோடு முடித்துக்கொள்ளக் கூடியது. முடிந்தால் அவர் சுதந்திர மனிதர். எந்த அணிக்கும் போகலாம். அவர் பிறந்ததோ நியூயார்க்கில் உள்ள புரூக்ளின். அவர் மனசு எங்கே இருக்கிறது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

“4 மாசம் பொறுத்தால் தானா வந்து சேரப் போறாரு. அவருக்கு எதுக்குய்யா பாதி டீமை அள்ளிக் கொடுக்கணும்? கடைக்காரன் நாளைக்கு இலவசமாத் தர்ற சாமானை இன்னிக்கு ரெட்டை விலை கொடுத்து வாங்குவியா?” இது ஒரு கோஷ்டியின் கட்சி.

“நாளைக்குத் தருவான்னு உனக்கு யார் எழுதிக் கொடுத்தா? லெப்ரான் வர்றாருன்னு இப்படித்தானே 2 வருஷம் உட்கார்ந்திருந்தோம்? கையில கிடைக்கிறபோது பிடிச்சுக்கணும். கலினாரி மாதிரி ஆளு வருஷத்துக்கு 10 பேரு கிடைப்பான். மெலோ மாதிரி ஒருத்தன்தான்.” இது எதிர்க் கட்சி.

இரண்டிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை 5 மாதம் ஓடியது!

நியூயார்க்கில் 1987 முதல் 24 மணி நேரமும் விளையாட்டு பற்றியே பேசுகிற ரேடியோ நிலையம் ஒன்று உண்டு. டபிள்யூ.எப்.ஏ.என். என்று பெயர். ரசிகர்கள் டெலிபோன் செய்து தங்கள் மனக்குறையைக் கொட்டலாம். லாரி டிரைவர் பேசுவார். வக்கீலும் பேசுவார். இருவரும் ஒரே குரலில் கத்துவார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் அங்கே இதே பேச்சு. பத்திரிகைகளின் கடைசிப் பக்கம் முழுக்க மெலோ படம். கார்டன் அரங்கத்தில் நிக்ஸ் தோற்கிறபோது “மெலோ வேண்டும்! மெலோ வேண்டும்!” என்று மாடியில் இருந்து கோஷம். கீழே ஆடிக்கொண்டிருந்த கலினாரிக்கும் சாண்ட்லருக்கும் அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்?

அவசரம் யாருக்கு?

ரெயிலில் சண்டை போட்டவர்களில் பலருக்கு ஒரு விஷயம் பிடிபடவில்லை. காத்திருந்தால் நஷ்டம் நிக்ஸுக்கு அல்ல, மெலோவுக்கு!

கூடைப்பந்து முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இருந்த ஒப்பந்தம் 2011 ஜூன் 30-ந் தேதி முடிய இருந்தது. அடுத்த ஒப்பந்தத்தில் சம்பளத்தைக் குறைப்பார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பழைய விதிப்படி மெலோவுக்கு 3 வருஷத்துக்கு 6½ கோடி டாலர் நீட்டிப்பு தயாராக இருந்தது. அதில் கையெழுத்துப் போட வேண்டுமானால் ஜூனுக்கு முன்பு போட வேண்டும். நியூயார்க்குக்கும் வர வேண்டும், அந்தப் பணமும் வேண்டும் என்றால், டென்வர் அவரை சீசன் நடுவிலேயே மாற்றிவிட வேண்டும்.

அதாவது அவசரம் மெலோவுக்கு. கவலை டென்வருக்கு. சும்மா விட்டால் கோடையில் ஆளும் போய்விடுவார், பதிலுக்கு ஒரு காசும் வராது. நிக்ஸ் மட்டும்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

அப்படியானால் ஏன் உட்காரவில்லை? பக்கத்து வீட்டுக்காரனால்!

ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூஜெர்சி ‘நெட்ஸ்’ அணி. அதன் முதலாளி ரஷியக் கோடீஸ்வரர் மிகைல் புரோகோரோவ். அந்த அணி 2012-ல் புரூக்ளினுக்கே குடி வரப் போகிறது. அவரும் மெலோவைக் கேட்டார். ஜனவரி 19-ந் தேதி “பேரத்தில் இருந்து விலகுகிறேன்” என்று பகிரங்கமாக அறிவித்தார். பிப்ரவரியில் திரும்பவும் வந்து விலை கேட்டார். உண்மையில் வாங்க வந்தாரா, நிக்ஸுக்கு விலையை ஏற்றிவிட வந்தாரா என்று சந்தேகப்பட்டவர்கள் நிறைய. ஏலக் கடையில் நின்றவர்களுக்கு இந்த வித்தை புதிது அல்ல.

ஆடாத ஆளுக்கும் விலை!

இந்த மாதிரி பேரத்தில் ‘எனக்கு இவன், உனக்கு அவன்’ என்று சுலபமாக மாற்றிக்கொள்ள முடியாது. சம்பளக் கணக்கு குறுக்கே நிற்கும்.

அந்த சீசனில் ஒரு அணியின் சம்பள உச்சவரம்பு சுமார் 5 கோடியே 80 லட்சம் டாலர். அதைத் தாண்டிய அணி, கொடுக்கிற ஆட்களின் சம்பளமும் வாங்குகிற ஆட்களின் சம்பளமும் ஏறக்குறைய சமமாக வருகிற மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும். தராசுத் தட்டு மாதிரி. மெலோவின் சம்பளமோ 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேல்.

அதனால் எடி கர்ரி என்பவருக்குத் திடீர் மவுசு வந்தது. ராட்சத உருவம். 1 கோடியே 10 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம். அந்த சீசனில் அவர் நிக்ஸுக்காக ஒரே ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை! ஆனால் அவர் ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிகிறது. வாங்குகிறவனுக்கு அடுத்த வருஷச் சுமை இல்லை. ஆகவே தராசில் வைக்கிற எடைக்கல்லாக அவர் பயன்பட்டார்.

ஆபீஸ் குமாஸ்தாக்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் காகிதமும் பென்சிலும் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். கூட்டல் கழித்தலில் அவ்வளவு அக்கறை ஆபீஸ் கணக்கில் இருந்ததா என்பது வேறு விஷயம்.

பெரியவர்களின் சாட்சி

வாதம் முற்றினால் ஊர்ப் பெரியவர்கள் பழைய கதையை எடுப்பார்கள்.

1968 டிசம்பரில், சீசன் நடுவே, நிக்ஸ் அணி வால்ட் பெல்லமி, ஹோவர்டு கோமைவ்ஸ் ஆகிய 2 பேரை டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்கு டேவ் டிபுஷர் வந்தார். பெல்லமி போனதால் வில்லிஸ் ரீட் தனக்கு உரிய நடு இடத்துக்கு வந்தார். அணி சரியாகப் பொருந்திவிட்டது. 1970-ல் கோப்பை!

1971 நவம்பரில், அதுவும் சீசன் நடுவே, பால்டிமோர் அணியிடம் இருந்து ஏர்ல் மன்றோ வந்தார். 1973-ல் கோப்பை!

“நம்ம 2 கோப்பையும் நடு சீசன் பேரத்தில வந்ததுதான்டா தம்பி” என்று பெரியவர்கள் சொன்னால் மறுக்க முடியாது.

ஆனால் இளவட்டங்களிடமும் சாட்சி இருந்தது. 2004 ஜனவரி. அதுவும் நடு சீசன்தான். ஸ்டீபன் மார்பரி என்ற நட்சத்திரத்தை பீனிக்ஸ் அணியிடம் வாங்கினார்கள். அவரும் புரூக்ளின் பையன்தான். “வீட்டுப் பிள்ளை வீடு திரும்பினான்” என்று அப்போதும் மேளம் கொட்டினார்கள். அந்த வருஷம் பிளே-ஆப் முதல் சுற்றிலேயே 4-0 என்று நெட்ஸிடம் தோல்வி. அப்புறம் மார்பரி இருந்த வரை அந்தப் பக்கமே போகவில்லை.

அந்தப் பேரத்தில் நிக்ஸ் எழுதிக் கொடுத்த புதுமுகத் தேர்வு உரிமைகளில் ஒன்று கை மாறிப் போய், 2010 ஜூனில்தான் யூட்டா அணியிடம் வசூல் ஆனது. மார்பரி போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியும் கடன் பாக்கி இருந்தது! யூட்டா அந்த உரிமையில் 9-வது ஆளாக கார்டன் ஹேவர்டு என்ற இளைஞரை எடுத்துக்கொண்டது.

ஆடாத கர்ரியும் இதே ரகம். 2005-ல் அவரை வாங்குவதற்காக சிகாகோவுக்கு ஒரு முதல் சுற்று உரிமையைக் கொடுத்து, இன்னொரு வருஷத்துக்கு ‘வேண்டுமானால் உன் இடத்தை நான் எடுத்துக்கொள்வேன்’ என்கிற மாற்று உரிமையையும் எழுதிக் கொடுத்தார்கள். 2007-ல் சிகாகோ நிக்ஸின் 9-வது இடத்தை எடுத்துக்கொண்டு, தன் 23-வது இடத்தைத் தள்ளிவிட்டது. அந்த 23-வது இடத்தில் நிக்ஸுக்குக் கிடைத்தவர்தான் வில்சன் சாண்ட்லர்!

ராத்திரியோடு ராத்திரியாக...

பிப்ரவரி 20-ந் தேதி லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நட்சத்திரங்களின் காட்சி ஆட்டம். அந்தச் சமயத்தில் நிக்ஸ் முதலாளி ஜேம்ஸ் டோலன் அங்கே மெலோவைச் சந்தித்துப் பேசினார் என்று பத்திரிகைகள் எழுதின. அணித் தலைவர் டோனி வால்ஷ் நிதானமாகப் பேரம் பேசினார் என்றும், முதலாளி அவசரப்பட்டார் என்றும் பேச்சு. “எங்களுக்குள் பிளவு இல்லை” என்று அவர்கள் அறிக்கை விட்டார்கள்.

பிப்ரவரி 21-ந் தேதி இரவு முடிவாயிற்று. மறுநாள் அதிகாரபூர்வ அறிவிப்பு.

வந்தவர்கள்: மெலோ, 34 வயது சான்சி பில்லப்ஸ், கூட 4 பேர்.

போனவர்கள்: கலினாரி, சாண்ட்லர், பெல்டன், மோஸ்கோவ். 4 பேருமே! மின்னசோட்டா அணிக்குக் கர்ரியும் அந்தோணி ரான்டால்பும். மேலும் 2014-ம் ஆண்டின் முதல் சுற்று உரிமை, ரொக்கப் பணம்.

பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. 2016-ம் ஆண்டில் டென்வர் விரும்பினால் நிக்ஸின் தேர்வு இடத்தை மாற்றி எடுத்துக்கொள்ளலாம். கர்ரிக்காக எழுதிக் கொடுத்த அதே மாதிரிச் சீட்டு! 5 வருஷம் கழித்து வருவதைப் பற்றி அன்றைக்கு யார் கவலைப்பட்டார்கள்?

23-ந் தேதி கார்டன் அரங்கம் அதிர்ந்தது. மில்வாக்கி அணியுடன் ஆட்டம். நிக்ஸ் 114-108 என்று ஜெயித்தது. மெலோ 27 புள்ளி. “வாங்கு” கோஷ்டி அன்றைக்கு ராஜா!

அடுத்த மாதமே சீசன் டிக்கெட் விலையைச் சராசரி 49 சதவீதம் உயர்த்துவதாக நிர்வாகம் அறிவித்தது. அரங்கத்தைப் புதுப்பிக்கும் செலவு என்று காரணம் சொன்னார்கள். கோஷம் போட்டவர்கள் பர்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள்.

கணக்கு என்ன ஆயிற்று?

பேரத்துக்கு முன்பு நிக்ஸ் 28 வெற்றி, 26 தோல்வி. பேரத்துக்குப் பிறகு 14 வெற்றி, 14 தோல்வி. மெலோ வந்தும் தராசு முள் அசையவில்லை.

டென்வரோ மெலோ இல்லாமல் 25 ஆட்டங்களில் 18-ஐ ஜெயித்தது!

பிளே-ஆப் முதல் சுற்றில் பாஸ்டன் அணி நிக்ஸை 4-0 என்று அனுப்பி வைத்தது. முதல் ஆட்டத்திலேயே பில்லப்ஸின் முழங்கால் போயிற்று. 2-வது ஆட்டத்தில் மெலோ தனி ஆளாக 42 புள்ளி, 17 ரீபவுண்டு எடுத்தும் 3 புள்ளியில் தோல்வி. அந்த ஆட்டம்தான் 2 கோஷ்டிக்கும் சாட்சி ஆயிற்று. “பார்த்தியா, எப்படி ஆடினான்!” என்று ஒருவன். “பார்த்தியா, கூட ஆட ஆளே இல்லை!” என்று இன்னொருவன்.

நல்ல காலமும் இல்லாமல் இல்லை. 2012-13 சீசனில் 54 வெற்றி. மெலோ அந்த வருஷம் நாட்டிலேயே அதிக சராசரிப் புள்ளி எடுத்தவர். 2014 ஜனவரியில் ஒரே ஆட்டத்தில் 62 புள்ளி எடுத்து நிக்ஸ் சாதனையை முறியடித்தார். அன்றைக்கு அரங்கத்தில் இருந்தவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். 2025-ல் கூடைப்பந்து மேதைகளின் கவுரவ மண்டபத்திலும் இடம் பெற்றார். ஆனால் அவர் இருந்த 7 வருஷத்தில் நிக்ஸ் ஜெயித்த பிளே-ஆப் சுற்று ஒன்றே ஒன்று. 2017-ல் அவரும் ஓக்லஹோமாவுக்குப் போய்விட்டார்.

டல்லாசில் சவப்பெட்டி

நியூயார்க் ரசிகர்களுக்கு ஒரு பாக்கியம் இருந்தது. 5 மாதம் கத்தித் தீர்த்துக்கொள்ள முடிந்தது. டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டல்லாஸ் ரசிகர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

2025 பிப்ரவரி 1-ந் தேதி நள்ளிரவு நெருங்குகிற நேரம். தங்கள் உயிரான லூகா டோன்சிச்சை லாஸ் ஏஞ்சல்ஸ் ‘லேக்கர்ஸ்’ அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்ற செய்தி வந்தது. வயது 25. முந்தைய வருஷம்தான் அணியை இறுதிப் போட்டிக்குக் கொண்டு போனவர். பதிலுக்கு வந்தவர் 31 வயது அந்தோணி டேவிஸ். யாராவது விளையாட்டுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள்.

விடிந்ததும் ரசிகர்கள் அரங்கத்தின் முன்பு கூடினார்கள். சவப்பெட்டி கொண்டு வந்து வைத்தார்கள். டிர்க் நவிட்ஸ்கி சிலையின் காலடியில் பூ வைத்தார்கள். அணியின் நிர்வாகி நிகோ ஹாரிசனை “வேலையை விட்டு நீக்கு” என்ற கோஷம் மாதக்கணக்கில் ஓயவில்லை. 2025 நவம்பர் 11-ந் தேதி அவர் நீக்கப்பட்டார். போன ஆள் திரும்பி வரவா போகிறார்?

அந்தச் சின்ன எழுத்து

நியூயார்க் கணக்கில் ஒரு பாக்கி இருக்கிறது. 2016-ம் ஆண்டுச் சீட்டு.

அந்த வருஷம் நிக்ஸ் மோசமாக ஆடியது. புதுமுகத் தேர்வில் 7-வது இடம் கிடைத்தது. டென்வருக்கு 9-வது இடம். டென்வர் பழைய சீட்டை எடுத்து நீட்டியது. இடம் மாறியது. சரி, 9-வது இடமாவது நிக்ஸுக்கு மிஞ்சியதா? அதுவும் இல்லை. 2013-ல் நடந்த இன்னொரு பேரத்தில் அதை டொரன்டோவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள்! அந்த வருஷம் நிக்ஸுக்குத் தேர்வில் ஒரு ஆள்கூட இல்லை.

7-வது இடத்தில் டென்வர் எடுத்தவர் ஜமால் மர்ரே. வயது 19. கனடா நாட்டுப் பையன்.

2023 ஜூன் 12-ந் தேதி மியாமியை 4-1 என்று முடித்து, டென்வர் அணி தன் வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கோப்பையைத் தூக்கியது. அந்த இறுதிப் போட்டித் தொடரில் மர்ரே ஆட்டத்துக்குச் சராசரி 21 புள்ளி, 10 ‘அசிஸ்ட்’ எடுத்தார்.